ஒரே சோர்ஸ், மூன்று தராசு: மேக்ரோ எங்கே, தனி ஃபைல் எங்கே?

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்குக் கிராம் தராசு, ஜவ்வரிசி ஆலைக்கு மூட்டைத் தராசு, ஏற்காடு காப்பித் தோட்டத்துக்குப் பேட்டரித் தராசு. மூன்றுக்குள்ளும் ஓடும் மென்பொருளுக்கு ஒரே சி மொழி சோர்ஸ் என்றால், எந்த நிரல் பகுதி எந்த மாடலின் பில்டில் (கம்பைல் செய்து எடுக்கும் மென்பொருளில்) சேர வேண்டும் என்று சொல்ல நாலு வழி உண்டு.

கையில் முதலில் அகப்படுவது கம்பைலர் ஆப்ஷன், அதாவது ‘மைனஸ் டி’: கம்பைல் செய்யும்போதே ஒரு மேக்ரோவை, அதாவது நிரலில் தன் மதிப்பாக மாற்றப்படும் பெயரை, வரையறுப்பது. ஜிசிசி கம்பைலரில் மைனஸ் டியோடு பேட்டரி என்ற பெயரைக் கொடுத்தால் மேக்ரோவின் மதிப்பு 1. வம்பு, அந்த மேக்ரோவை அணைக்கும்போதுதான். மதிப்பை 0 என்று கொடுத்தாலும், இஃப்டெஃப் என்ற நிபந்தனை வரி ‘உண்டு’ என்றே எடுத்துக்கொள்ளும். பெயர் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், மதிப்பைப் பார்க்காது. பில்டை நடத்தும் கருவியான ‘மேக்’, தன் குறிப்பான மேக்ஃபைலில் ஃபிளாக் (கம்பைலர் ஆப்ஷன்) மாறினாலும் பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை, அதாவது முன்பே கம்பைல் ஆனவற்றை, தொடாது. அது பார்ப்பது ஃபைலின் நேரத்தை, கட்டளையை அல்ல. பாதி கொலுசுத் தராசு, பாதி மூட்டைத் தராசு என்று ஒரு பைனரி வந்து நிற்கும். மாடலுக்கு ஒரு பில்டு ஃபோல்டர் வைப்பதே மருந்து. நிஞ்ஜா என்ற இன்னொரு பில்டு கருவியில் இந்தத் தொல்லை இல்லை, கட்டளை மாறினாலே மறுபடி கம்பைல் செய்துவிடும்.

இரண்டாவது வழியான கான்ஃபிக் ஹெட்டர், அதாவது மேக்ரோக்களை வைத்து மற்ற ஃபைல்களில் சேர்க்கும் ஃபைல், இதைவிட மேல். எல்லா மேக்ரோவும் ஒரே இடத்தில் 0 அல்லது 1, சோதிப்பது இஃப்டெஃப் அல்ல, மதிப்பைப் பார்க்கும் ஹேஷ் இஃப். ‘மைனஸ் எம்எம்டி’ கொடுத்து டிபெண்டன்சி ஃபைல் (எந்த ஃபைல் எந்த ஹெட்டரை நம்பியிருக்கிறது என்ற பட்டியல்) எடுத்து, அதை மேக்ஃபைலில் சேர்த்துவிட்டால் ஹெட்டரைத் தொட்டதும் உரிய ஃபைல்கள் தாமாக கம்பைல் ஆகும். ஆனால் ஒரு ஃபைலில் ஹெட்டரைச் சேர்க்க மறந்தால், தெரியாத பெயரை ஹேஷ் இஃப் சத்தமில்லாமல் 0 என்று எடுத்துக்கொள்ளும். மேக்ரோவைப் பொறுத்து ஒரு ஸ்ட்ரக்ட்டில் (பல ஃபீல்டுகளைச் சேர்த்த தரவுக் கட்டில்) ஃபீல்டு கூடவோ குறையவோ செய்தால், அதன் அளவு ஃபைலுக்கு ஃபைல் வேறாகிவிடும். ஆப்ஜெக்ட் ஃபைல்களைக் கோக்கும் லிங்கர் வாய் திறக்காது, எடை மட்டும் தாறுமாறாகக் காட்டும். வரையறுக்காத பெயரைக் காட்டிக்கொடுக்கும் ‘டபிள்யூ அன்டெஃப்’ எச்சரிக்கையை எரராக்கி வையுங்கள். ‘மைனஸ் இன்க்ளூட்’ போட்டு ஹெட்டரை எல்லா ஃபைலுக்கும் கட்டாயமாக்குங்கள். அந்த எச்சரிக்கை இஃப்டெஃபைக் கண்டுகொள்ளாது, அதனாலும் இஃப்டெஃப் வேண்டாம்.

மூன்றாவது, தனி ஃபைல். ஏடிசி சிப் (சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக்குவது) மாறுகிற இடத்தில் மேக்ரோவே தேவையில்லை. ஒரே ஹெட்டர், சிப்புக்கு ஒரு சி ஃபைல், எதைச் சேர்ப்பது என்பது பில்டின் வேலை. ஃபங்ஷன் விடுபட்டால் லிங்கரே நிறுத்திவிடும்.

நாலாவது, சி மொழியின் சாதாரண இஃப்புக்குள் 0/1 மேக்ரோ. இரண்டு கிளையையும் கம்பைலர் படித்துப் பிழை சொல்லும். ஆப்டிமைசேஷனில் பயனற்ற கிளை உதிர்ந்துவிடும். லினக்ஸ் கெர்னலில் ‘இஸ் எனேபிள்டு’ என்ற மேக்ரோ இதற்காகவே உள்ளது. லாஜிக்குக்கு இதுதான் என் முதல் தேர்வு. ஸ்ட்ரக்ட் ஃபீல்டுக்கு உதவாது.

ஏற்காட்டுக்கென்று தனி மேக்ரோ போடத் தோன்றும் ஓர் இடம் உண்டு: புவியீர்ப்பு. தராசின் எடை சென்சாரான லோடு செல் அளப்பது விசையை. சேலத்தில் சரிசெய்த தராசு, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதும் கிலோவுக்கு 0.2 முதல் 0.4 கிராம் வரை குறைத்துக் காட்டும். அதை பில்டில் பூட்டாதீர்கள். அது தராசு உட்காரும் இடத்தைப் பொறுத்தது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈஈப்ராமில் வைத்து, அங்கேயே படிக்கல் வைத்துச் சரிசெய்ய வேண்டிய எண்.