"ரோம் டூர் அடக்கம்" என்று சொல்லிக் கறந்த கதை: மெடிட்டரேனியன் கப்பலில் போகிறவர்கள் கவனத்துக்கு

க்ரூஸ் புரோஷரில் "ரோம்" என்று போட்டிருந்தாலும் கப்பல் ரோமில் நிற்காது. சிவிதாவெக்கியா என்ற துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். "ஃபுளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ. அதுவும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். "வெனிஸ்" இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்களை நகரின் மையமான சான் மார்க்கோ பக்கம் விடுவதில்லை. அதனால் பல கப்பல்கள் ராவென்னாவிலோ திரியெஸ்தேவிலோ நிற்கின்றன, அட்டவணையில் மட்டும் வெனிஸ் என்றே இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் ஒரு கூட்டம் பிழைப்பு நடத்துகிறது. காலையில் இறங்கி சாயங்காலம் ஐந்தரைக்குள் திரும்ப ஏற வேண்டிய ஆளுக்குப் பேரம் பேசவோ சண்டை போடவோ நேரம் கிடையாது. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். போன செப்டம்பரில் எங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஏஜென்டின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடக்கிறது.

நான், மனைவி, அப்பா, அம்மா. பார்சிலோனாவில் ஏறி இத்தாலி சுற்றி வரும் கப்பல். சென்னை ஏஜென்ட் ஒருவரிடம் பேக்கேஜ் வாங்கினோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. அதனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் வண்டி வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். "கவலைப்படாதீங்க சார், ரோம்ல தனி வேன், கொலோசியம், வாட்டிகன் எல்லாம் அடக்கம்" என்றார். இது மெயிலிலும் இருக்கிறது, வாட்ஸாப்பிலும் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு வவுச்சர் வந்தது. அதில் "கொலோசியம் – போட்டோ ஸ்டாப்", கீழே பொடி எழுத்தில் "நுழைவுக் கட்டணம் தனி". போன் அடித்தால் எடுக்கவில்லை. காலையில் ஃபிளைட்.

சிவிதாவெக்கியாவில் கப்பலிலிருந்து இறங்கினால் துறைமுகத்துக்குள் இஷ்டத்துக்கு நடக்க விடமாட்டார்கள். ஒரு ஷட்டில் பஸ் ஏற்றி லார்கோ தெல்லா பாச்சே என்கிற இடத்தில் விடும். வவுச்சரில் எட்டு மணிக்கு அங்கே வேன் என்று இருந்தது. வந்தது ஒன்பது பத்துக்கு. தனி வேனும் இல்லை. அதே ஏஜென்டிடம் புக் செய்த மதுரைத் தம்பதி உள்பட இன்னும் நாலு பேர் ஏறினார்கள். கைடு கிடையாது, டிரைவர் மட்டும்தான்.

வாட்டிகனில் பதினைந்து நிமிடம் நிறுத்தினார். சான் பியத்ரோ (புனித பேதுரு) பேராலயத்துக்குள் போக டிக்கெட்டே தேவையில்லை, இலவசம். ஆனால் செக்யூரிட்டி வரிசை சதுக்கத்தைச் சுற்றி நிற்கும். பதினைந்து நிமிடத்தில் அந்த வரிசையில் பத்தடி நகரலாம். அம்மா தோளை மூட வேண்டும் என்று கேள்விப்பட்டுத் தனியாகச் சால்வை எல்லாம் எடுத்து வந்திருந்தார். வெளியிலேயே போர்த்திக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அடுத்து கொலோசியம். இங்கேதான் அசல் வேலை. வேன் நின்றதும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் கதவருகே வந்து நின்றார். டிரைவர் "இவர் என் நண்பர், வரிசை இல்லாமல் உள்ளே கூட்டிப் போவார், ஆளுக்கு 55 யூரோ" என்றார். வாயிலில் சாதாரண டிக்கெட் 18 யூரோ; பக்கத்தில் இருக்கும் பழைய ரோமானிய இடிபாடுகளான ஃபோரம், பலத்தீன் குன்று இரண்டும் அதிலேயே அடக்கம். மதுரைக்காரர் என்னிடம், "தம்பி, இவ்வளவு தூரம் வந்துட்டு உள்ள போகாம எப்படி?" என்று சொல்லி இரண்டு பேருக்கும் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அந்த ஆள் போனில் டிக்கெட்டைக் காட்டினார், நேரம் போட்டிருந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்தபடி. கொஞ்ச நேரம் கழித்து விரல் நகர்ந்தபோது பார்த்தோம், 15:15. எங்கள் வேன் கிளம்பும் நேரம் 14:45. "சார், இது நமக்கு ஆகாது" என்று நான் சொல்லி அவர் திரும்பிக் கேட்பதற்குள் ஆள் கூட்டத்தில் கலந்துவிட்டார். டிரைவருக்கு அவரைத் தெரியவே தெரியாதாம்! அரைமணி முன்பு நண்பர்.

கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்பே அதிகாரபூர்வ தளத்தில் திறக்கும். பெயர் போட்ட டிக்கெட், வாயிலில் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். யார் பெயரிலோ இருப்பதைத் தெருவில் வாங்கினால் செல்லாது. நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துபோவதற்குக் கூட்டம் மட்டும் காரணமில்லை. 2025 ஏப்ரலில் இத்தாலிய வணிகப் போட்டி ஆணையம், டிக்கெட் விற்பனையை நடத்திவந்த நிறுவனத்துக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டது. மென்பொருள் வைத்து டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளியதும் குற்றச்சாட்டில் ஒன்று. அப்படியிருக்க, தெருவில் நிற்கும் ஆளிடம் நியாயம் எதிர்பார்க்க முடியுமா?

சாப்பாட்டுக்கு டிரைவரே ஒரு ஹோட்டலில் இறக்கினார். மற்ற எங்கும் பார்க்கிங் இல்லை என்றார். எங்கள் மேஜையில் மூன்று பாஸ்தா, அப்பாவுக்கு ஒரு வறுத்த மீன். மெனுவில் மீனுக்கு எதிரே 7.50 என்று இருந்தது. பக்கத்திலேயே சின்னதாக "எத்தோ". அதாவது 100 கிராமுக்கு. தட்டு வந்தபோது பரிமாறியவரிடம் எடை கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். பில்லில் 900 கிராம் என்று வந்தது. 67.50 யூரோ! பாஸ்தா 42, இரண்டு தண்ணீர் பாட்டில் 8, "ரொட்டி" என்று ஆளுக்கு 3 வீதம் 12. மொத்தம் 129.50. ரோம் இருக்கும் லாட்சியோ பிராந்தியத்தில் மேஜையில் உட்காருவதற்கென்று தனிக் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2006-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் பெயரை மாற்றி ரொட்டிக் கணக்கில் வாங்குகிறார்கள். அந்த ரொட்டியை நாங்கள் தொடவேயில்லை. தண்ணீருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை; ரோம் தெருக்களில் 2,500 குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன, நல்ல தண்ணீர், ஜில்லென்று வரும். காலி பாட்டில் கையில் இருந்தால் போதும்.

அப்புறம் கார்டு மிஷின். திரையில் யூரோவா ரூபாயா என்று கேட்கும். கையில் தராமலேயே அவரே ரூபாயை அழுத்திவிட்டார். ரூபாய் என்று வந்தால் நம் ஊர்க் கணக்கு என்று நிம்மதியாக இருக்கும்; ஆனால் மாற்று விகிதத்தை அந்த மிஷின்காரர் வைப்பார், சந்தை விகிதத்தைவிட நூற்றுக்கு ஐந்து, ஆறு கூட. அதோடு நம் வங்கிகள் சில அதன் மேல் தனிக் கட்டணமும் போடும். எப்போதும் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். வேறு மாதிரி அழுத்திவிட்டால் கையெழுத்துப் போடாமல் ரத்து செய்யச் சொல்லுங்கள். நான் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரத்து செய்து மறுபடி போட்டார்.

கடைசியாகத் திரும்பும் வழி. ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கில் வேனை ஓரங்கட்டிவிட்டு, டிரைவர் பின்னால் திரும்பி உட்கார்ந்தார். பழைய ரோட்டில், அதாவது அவுரேலியா சாலையில் போனால் போய்ச் சேர மணி ஆறே காலாகிவிடும், கப்பல் போய்விடும். சுங்கச் சாலையில் போகலாம், ஆனால் ஆளுக்கு 20 யூரோ கூடுதல் என்றார். எட்டுப் பேர், 160 யூரோ. நான் வவுச்சரைக் காட்டினேன், போனை நீட்டி ஏஜென்டைக் கூப்பிட்டேன். இந்தியாவில் அப்போது ராத்திரி ஏழு. ரிங் போனது, எடுக்கவில்லை. அம்மா கப்பல் போய்விடுமோ என்று அழ ஆரம்பித்துவிட்டார். அப்பா, "கொடுத்துத் தொலைப்பா, விடு" என்றார். மதுரைக்காரர் மனைவி டிரைவரைப் பச்சைத் தமிழில் திட்டினார், அது ஒன்றுதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஆறுதல். கொடுத்தோம். சுங்கச் சாவடித் திரையில் நான் பார்த்த தொகை பத்து யூரோவைத் தொடவில்லை. துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது நாலு நாற்பது.

கப்பல் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு: கப்பல் நிறுவனமே நடத்தும் டூரில் போனால், வண்டி தாமதமானாலும் காத்திருப்பார்கள், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெளி வண்டி என்றால் போய்விடும், சந்தேகமே வேண்டாம். தினமும் அறைக்கு வரும் நாளிதழ் மாதிரியான தாளில் கடைசியாக ஏற வேண்டிய நேரமும் அந்தத் துறைமுக ஏஜென்டின் போன் நம்பரும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ், துருக்கிப் பக்கம் போகிற கப்பலாக இருந்தால் கப்பல் நேரமும் கரை நேரமும் வேறாக இருக்கலாம். போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறாது. துருக்கி நடுவில் வந்தால் ஷெங்கன் விசாவும் பல முறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். இதையும் எங்கள் ஏஜென்ட் சொல்லவில்லை, நல்லவேளை எங்கள் பாதையில் துருக்கி இல்லை.

வேன் இல்லாமல் முடியாதா என்றால், முடியும். சிவிதாவெக்கியா ஸ்டேஷனிலிருந்து ரோமுக்குச் சாதாரண ரயில் ஆளுக்கு 5 யூரோ அளவில்தான், ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். வாட்டிகன் போகிறவர்கள் சான் பியத்ரோ ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாம், பத்துப் பதினைந்து நிமிட நடை. காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் பிளாட்பாரத்தில் இருக்கும் மிஷினில் முத்திரை குத்த வேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம். மறுநாள் லிவோர்னோவில் ஏஜென்டின் வேனை விட்டுவிட்டு மதுரைத் தம்பதியோடு அப்படித்தான் ரயிலில் பைசா நகருக்குப் போனோம். லிவோர்னோ சென்ட்ரலிலிருந்து இருபது நிமிடத்துக்குள். அப்பாவுக்கு நடக்கிற இடங்களில் மட்டும் டாக்ஸி. சாய்ந்த கோபுரத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கே கப்பலில் இருந்தோம். பைசா தெருவில் டப்பாவுக்குள் பந்து எங்கே என்று பந்தயம் ஆடுபவர்களை நின்று பார்க்காதீர்கள், ஜெயிக்கிறவரும் அவர்கள் ஆள்தான். மணிக்கட்டில் கயிறு கட்ட வருகிறவரிடம் கையைக் கொடுக்காதீர்கள். ரோட்டில் விரித்த போலிப் பைகளை வாங்கினால் வாங்குகிறவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் போடலாம், விற்றவர் ஓடிவிடுவார்.

நேப்பிள்ஸில் இறங்கி, எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பாம்பேய் போக சிர்க்கும்வெசுவியானா என்கிற உள்ளூர் ரயிலில் "பாம்பேய் ஸ்காவி" ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வெளியே வந்தால் தகவல் மையம் மாதிரி பலகை வைத்த கடைகள், கைகாட்டிக் கூப்பிடுவார்கள். அவை தனியார் டூர் கடைகள். அதிகாரபூர்வ வாசல் இரண்டு நிமிட நடையில். அங்கேயும் 2024 நவம்பர் முதல் பெயர் போட்ட டிக்கெட், ஒரு நாளைக்கு 20,000 பேர்தான். முன்பே வாங்கிவிடுங்கள். நேப்பிள்ஸ் டாக்ஸிகளுக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் உண்டு, ஆனால் ஏறும்போதே அதைக் கேட்க வேண்டும். இறங்கும்போது கேட்டால் மீட்டர்தான்.

ஊர் திரும்பியதும் ஏஜென்டைப் பார்க்கப் போனேன். முதலில், "சார், அங்க வேன் ஓட்டறது வேற கம்பெனி, நமக்கு சம்பந்தம் இல்ல" என்றார். மெயிலைக் காட்டினேன். "அடுத்த டிரிப்ல பத்து பர்சென்ட் தள்ளுபடி தர்றேன் சார், விட்ருங்க" என்றார். எங்கள் பங்கு 80 யூரோவையும் ரோம் டூருக்கு வாங்கிய தொகையையும் பணமாகத் திருப்பித் தரச் சொன்னேன். முடியாது என்றார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதற்கப்புறம் அவரே போன் செய்து பாதித் தொகை தருகிறேன் என்கிறார். மதுரைக்காரரும் அவர் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் போடப் போகிறார். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இதே ஏஜென்ட் மூலம் போய் ரோமில் இதே மாதிரி மாட்டியவர்கள் வவுச்சரையும் பழைய மெயிலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், அவற்றையும் எங்கள் புகாரோடு சேர்த்தே தாக்கல் செய்யலாம்.