கான்செட்டில் நான்கு பழைய தடங்கள்: எதில் போகலாம்?

இங்கிலாந்தின் டர்ஹம் வட்டாரத்தில், கான்செட் ஊருக்கு வெளியே லிட்ஜெட்ஸ் ஜங்ஷன் இருக்கிறது. நிலக்கரி, இரும்புத் தாது, சுண்ணாம்புக் கல் ஏற்றிய வண்டிகள் ஓடிய நான்கு ரயில் தடங்கள் இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிய பாதைகளாகி, இங்கே ஒன்றுசேர்கின்றன.

பெயர் பெற்றது சண்டர்லாண்ட் பாதை. இங்கிலாந்தை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குக் கடக்கும் 'சி டூ சி' சைக்கிள் பாதையின் கடைசிக் கட்டம் இது. பெரும்பாலும் இறக்கம்தான், அதனால் கால் வலிக்காது. பீமிஷ் அருகே பழைய இரும்பில் செய்த மாடுகள் ஓரத்தில் நிற்கும். பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். ஆனால் ஸ்டான்லி, வாஷிங்டன் என்று ஊர் ஊராகப் புகுந்து போவதால், ரயில் தடத்தில் போகிறோம் என்ற நினைப்பே பல இடங்களில் விட்டுப்போகிறது.

டெர்வெண்ட் வாக் அப்படியில்லை. 1867-இல் திறந்து 1962-இல் மூடிய தடம். இருபுறமும் மரங்கள், தலைக்குமேல் 'ரெட் கைட்' என்ற பருந்து. கிப்சைட் எஸ்டேட்டுக்குள் ரயில் வரக்கூடாது என்று அதன் உரிமையாளரான பிரபு பிடிவாதம் பிடித்ததால்தான் ஒன்பது வளைவுப் பாலத்தையே கட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பிடிவாதத்தால் நமக்கு நல்ல காட்சி! கான்செட்டில் தொடங்கினால் திரும்பும்போது ஏற்றம் வாட்டும். மறுமுனையான ஸ்வால்வெல்லில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

லான்செஸ்டர் பாதை அமைதியானது, மாலை நடைக்குப் போதும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

என் ஓட்டு நான்காவதான 'வாஸ்கர்லி வே' பாதைக்குத்தான். நிழல் கிடையாது, மேற்கிலிருந்து காற்று முகத்தில் அறையும், ஏற்றம் முடியவே முடியாது. சரி, அப்புறம் ஏன்? இது 1834-இல் திறந்த ஸ்டான்ஹோப் அண்ட் டைன் ரயிலின் தடம். குதிரை, நீராவி என்ஜின், செங்குத்தான சரிவுகளில் கயிறு என்று மூன்றையும் வைத்து வண்டிகளை நகர்த்தினார்கள். ஹவுன்ஸ்கில் பள்ளத்தில் வண்டிகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறக்கி, எதிர்க்கரையில் இழுத்து ஏற்றினார்கள். எவ்வளவு சரக்கு தேங்கியிருக்கும்! 1858-இல் தாமஸ் பௌச் வடிவமைத்த 12 வளைவுப் பாலம் வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. பாலத்தின் நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்தால், அந்தப் பாடு எவ்வளவு பெரியது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். ஜங்ஷனிலிருந்து கொஞ்ச தூரம்தான். மற்ற மூன்றில் எதில் போவதாக இருந்தாலும், முதலில் அதுவரை ஒரு நடை போய்வந்துவிடுங்கள்.