குதிரைக்குப் பின்னங்கால் இடறினால் முதலில் எதைப் பார்ப்பது: குளம்பா, முட்டிச் சில்லா, நரம்பா?

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தியூர் ஆடிச் சந்தையில் நான்கு வயது கத்தியவாரி இனப் பெண்குதிரை ஒன்றை வாங்கினேன். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் இறக்கத்தில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் சட்டென்று தாழ்ந்து எழுந்தது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

கல், ஆணி, வீக்கம் எல்லாம் காலைத் தூக்கினாலே தெரியும். மூட்டுத் தேய்மானம் என்றால் காலையில் விறைப்பாகக் கிளம்பும், கொஞ்சம் நடந்ததும் இளகும், பெரும்பாலும் வயதான குதிரைக்கு வரும். என் குதிரைக்கு இது எதுவும் பொருந்தவில்லை.

அடுத்து சில்லு. குதிரை நின்றபடியே தூங்குவதற்காகப் பின்னங்காலின் முட்டிச் சில்லு தொடை எலும்பின் மேட்டில் மாட்டிக்கொள்ளும், நடக்கும்போது அது விடுபடாவிட்டால் கால் பின்னால் நீட்டியபடி இழுபட்டு அப்புறம் 'டக்'கென்று விடும். மெலிந்த இளம் குதிரைக்கும், வேலையில்லாமல் லாயத்திலேயே நிற்கும் குதிரைக்கும் இது அதிகம். மேட்டில் ஏற்றி நடத்தித் தொடைச் சதையை வளர்த்தால் பல குதிரைகளுக்குக் குறையும். அங்கே உள்ள தசைநாரை வெட்டிவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். வெட்டியதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாதே என்று தள்ளிப்போட்டேன்.

நான் முதலில் கைவைத்தது குளம்பில், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். குளம்பு மாதத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். நுனி நீண்டுவிட்டால் கால் தரையை விட்டுக் கிளம்பத் தாமதமாகி, நுனி தரையில் தட்டும். நம் கண் எப்போதும் முன்னங்காலிலேயே இருக்கிறது, பின்னங்காலுக்கு லாடமே அடிக்காதவர்கள் சீவுவதையும் மறந்துவிடுகிறார்கள். நானும் மூன்று மாதம் விட்டிருந்தேன். மழை விட்ட ஒரு காலையில் ஈர மண்ணில் நடத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இடது பின்னங்கால் தடம் ஒவ்வொன்றையும் ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு கோடு. காலைத் தூக்கிப் பார்த்தேன், நுனியின் முன்பக்கம் மழுங்கி, தேய்த்த பலகை மாதிரி பளபளத்தது.

லாடம் அடிப்பவர் ஒரேயடியாக வெட்டாமல் இரண்டு தடவையாகக் குறைத்தார். மூன்றாவது சீவலுக்குள் இடறல் அநேகமாக நின்றது. நுனி குறைந்தால் சில்லு விடுபடுவதும் எளிதாகும் என்பதால், காரணம் சில்லாகவே இருந்தாலும் இந்தச் செலவு வீணில்லை, எப்படியும் செய்யவேண்டிய வேலைதானே. ஆனால் ஒரு தடவை செய்து விட்டுவிடுகிற காரியமும் இல்லை. ஆறு வாரத்துக்கொரு முறை சீவினால் நன்றாக நடக்கிறாள். போன கோடையில் ஆள் கிடைக்காமல் ஒன்பது வாரம் ஆனது, அதே இறக்கத்தில் மறுபடியும் தட்டினாள். குதிரை வாங்கும்போது தீவனச் செலவைக் கணக்குப் போடுகிறவர்கள் இதைப் போடுவதில்லை.

நரம்புக் கோளாறில் எனக்கு அனுபவம் குறைவு. சுர்ரா கண்ட குதிரை ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன். கடிக்கிற ஈக்களால் பரவும் நோய் அது. விட்டுவிட்டுக் காய்ச்சல், அடிவயிற்றில் நீர்வீக்கம், எலும்பு தெரிய மெலிவு. குறுகிய வட்டத்தில் திருப்பியபோது தன் காலையே மிதித்துக்கொண்டு பின்பக்கம் முழுக்க ஆடியது. இடறல் அப்படி இருந்தால் லாடம் அடிப்பவருக்காகக் காத்திருக்காதீர்கள். ஏறவும் வேண்டாம், அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழைத்து இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் குதிரைக்கு இடது பக்கம் இன்னும் முழுக்கச் சரியில்லை, நான்கு நாள் கட்டியே வைத்திருந்தால் ஐந்தாம் நாள் முதல் பத்தடிக்கு லேசாக இழுக்கிறாள். அதில் சில்லுக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். அதனால் தினமும் மேட்டில் ஏற்றி நடத்துகிறேன்.