சைக்கிளுக்கு இன்ஜின் கிட்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா, உருளையா?

சைக்கிளில் இன்ஜின் பொருத்த ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை சிசி, எவ்வளவு வேகம் போகும் என்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது, இன்ஜின் ஃபிரேமை எப்படிப் பிடித்திருக்கிறது, அதன் சக்தி எந்த வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது என்பதை. இன்ஜினே கெட்டு நின்ற வண்டிகளைவிட, போல்ட் தளர்ந்து, செயின் கழன்று, ஸ்டட் (இரு முனையிலும் மரை உள்ள, தலையில்லாத போல்ட்) முறிந்து நின்ற வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஃபிரேமின் முக்கோணத்துக்குள் உட்காரும் டூ ஸ்ட்ரோக், அதே இடத்தில் உட்காரும் 49 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், பின்டயரின் மேல் உருளையை அழுத்தி ஓட்டும் சின்ன இன்ஜின். பெரும்பாலானவர்கள் தேர்வு செய்வது இந்த மூன்றில் ஒன்றைத்தான்.

டூ ஸ்ட்ரோக்கில் அதிகம் விற்பது ‘80 சிசி’ என்று பெயர் போட்ட கிட். அதன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 47 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 38 மி.மீ. கணக்குப் போட்டால் 66 சிசிதான் வரும். ஸ்ட்ரோக் 40 மி.மீ. உள்ள ரகம்கூட 69 சிசியைத்தான் தொடுகிறது. பல நாடுகளில் மொபெட்டுக்கு 50 சிசிதான் வரம்பு என்பதால், வாங்கும் முன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள். 48 சிசி ரகமும் கிடைக்கிறது. போர் 40 மி.மீ., மற்றபடி பெரும்பாலும் இதே இன்ஜின்தான்.

இதன் பலம், எளிமை. வால்வு இல்லை, ஆயில் சம்ப் (ஆயில் தேங்கும் தொட்டி) இல்லை, உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். பெடல் மிதித்து வேகம் எடுத்ததும் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் கியர் இன்ஜினின் சுற்றை 4.1 மடங்கு குறைக்கிறது. வெளியே செயின் இன்ஜினின் 10 பல்லிலிருந்து பின்சக்கர ஸ்பிராக்கெட்டின் (பல்சக்கரம்) 44 பல்லுக்குப் போவதால் மொத்தம் 18 மடங்கு. 26 அங்குலச் சக்கரத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால் மணிக்கு 35 கிலோமீட்டர் வரும். 36 பல் ஸ்பிராக்கெட் மாட்டினால் அதே சுற்றில் 42 வரை போகும், ஆனால் மேட்டில் இழுக்காது. வேகத்துக்காக அதை மாட்டாதீர்கள் என்பேன். சைக்கிள் பிரேக்கும் ரிம்மும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

பலவீனம், அதிர்வு. கூடவே புகை, சத்தம், பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை. 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி. ஆயில். ஒருமுறை கலக்க மறந்தாலும் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றுவிடும்.

இந்தக் கிட்டின் தரத்தைத் தீர்மானிக்கும் இடம் பின்சக்கரம்தான். ஸ்போக்ஸின் இரு பக்கமும் ரப்பர் வளையம் வைத்து, வெளியே ஸ்பிராக்கெட், உள்ளே இரும்புத் தகடு, நடுவில் 9 போல்ட் என்று இறுக்கும் முறைதான் பெரும்பாலான கிட்டில் வருகிறது. ஸ்பிராக்கெட் சரியாக நடுவில் உட்காராவிட்டால், சக்கரத்தைக் கையால் சுற்றும்போது செயின் ஓரிடத்தில் விறைப்பாகவும் இன்னோரிடத்தில் தொய்வாகவும் இருக்கும். போல்ட்டை ஒரே பக்கமாக முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ரிம்மில் கோட்டம் எடுக்கும் அதே பொறுமை இதற்கும் வேண்டும். இப்படிச் செய்தாலும் சுமை முழுவதும் ஸ்போக்ஸ் மேல்தான் விழுகிறது. ஹப்பையே இரண்டு பாதியாகக் கவ்விப் பிடிக்கும் அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது. ஹப்பின் விட்டத்தை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். இந்தக் கிட்டுக்குக் கூடுதலாகப் பணம் செலவழிப்பதென்றால் முதலில் இதற்குத்தான்.

செயினை இறுக்கும் சின்ன உருளையும் அப்படித்தான். ஃபிரேமில் கிளாம்ப் போட்டு நிற்கும் அது லேசாகத் திரும்பினால், செயின் அதை ஸ்போக்ஸுக்குள் இழுத்துவிடும். ஓட்டத்திலேயே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அரைக் கண்ணி போட்டுச் செயினின் நீளத்தைச் சரிசெய்து, உருளையே இல்லாமல் ஓடும்படி அமைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வருவோம். ஹோண்டா ஜிஎக்ஸ்எச்50 (49.4 சிசி) இந்த வகையில் மதிப்பான இன்ஜின்; அதே அளவில் 142எஃப் என்ற பெயரில் மலிவான இன்ஜின்களும் வருகின்றன. ஆயில் கலக்க வேண்டாம், சத்தம் காதைக் குடையாது, அதிர்வு குறைவு. கிளட்ச் தானாகவே விடுபடும் என்பதால் சிக்னலில் நின்றாலும் கவலையில்லை. கால் லிட்டர் அளவுதான் ஆயில் பிடிக்கும், ஆகவே அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். மேடு ஏறும்போது 66 சிசி டூ ஸ்ட்ரோக்கின் இழுவை இதில் கிடைக்காது. இன்ஜின் அகலமும் அதிகம். அகலமான கிராங்க் மாட்டாவிட்டால் பெடல் இடிக்கும், முட்டியை விரித்துத்தான் மிதிக்க வேண்டும். இதில் தரம் பார்க்க வேண்டியது இன்ஜினைவிட அதோடு வரும் கியர்பாக்ஸை. பல் கியரைவிட பெல்ட் வழியாகக் குறைக்கும் வகை அமைதியாக ஓடுகிறது.

உருளைக் கிட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 35.8 சிசி ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற சின்ன இன்ஜின், டயரில் உரசும் உருளை, அவ்வளவுதான். ஸ்போக்ஸைத் தொடுவதில்லை, வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். மழையில் வழுக்கும், டயர் சீக்கிரம் தேயும், காற்று குறைந்தால் பிடிப்பே இருக்காது. சமதளத்தில், காய்ந்த சாலையில், அவ்வப்போது ஓட்டுகிறவருக்கு இது நல்ல தேர்வு.

தினமும் வேலைக்குப் போய்வர என்றால் தயங்காமல் ஃபோர் ஸ்ட்ரோக் என்பேன், பெல்ட் கியர்பாக்ஸோடு. வார இறுதியில் ஸ்பானரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துப் பார்க்கப் பிடிக்கிறவருக்கு டூ ஸ்ட்ரோக்கில் கிடைக்கும் நிறைவு வேறெதிலும் இல்லை. அப்படி வாங்கினால் கிட்டோடு வரும் ஸ்டட், நட், போல்ட்டைப் பொருத்தும் முன்பே 8.8 தரத்துக்கு (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) மாற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கும் என்ஜிகே பி6எச்எஸ் ஆகட்டும். முன்பக்கக் குழாய் தடிமனாக இருந்து கிளாம்ப் பிடிக்கவில்லை என்றால் ஃபிரேமில் துளை போடாதீர்கள். அந்த இடத்தில்தான் விரிசல் விடும். தடித்த குழாய்க்கென்று வரும் தனி மவுன்ட்டை வாங்கிப் பொருத்துங்கள். அப்புறம், முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் ஆறியதும் எல்லா நட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். எந்தக் கிட்டாக இருந்தாலும் முதல் ஓட்டத்தில் ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும்.