கராஜ் தரைக்குள் டொர்னேடோ ஷெல்டர்: யாருக்குச் சரிவரும், யாருக்கு வராது

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மூர் நகரத்துக்குக் குடிவந்தவர்களிடம் அக்கம்பக்கத்தார் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள், "ஷெல்டர் போட்டாச்சா?" என்று. 1999 மே 3-ஆம் தேதி இந்த வட்டாரத்தில் அடித்த டொர்னேடோ என்ற சுழல்காற்றில் 36 பேர் இறந்தார்கள். அது வலிமை அளவுகோலின் உச்சப் படியான எஃப்5. 2013 மே 20-இல் மறுபடியும் ஒரு ஈஎஃப்5 (அதே அளவுகோலின் புதிய வடிவில் உச்சப் படி). அதில் 24 பேர். அவர்களில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு பேஸ்மென்ட்டும் (நிலத்தடி அறை) கிடையாது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் சிவந்த களிமண் என்பதால் பலரும் அதைக் கட்டத் துணிவதில்லை. ஆகவே நாங்கள் கராஜ் தரைக்குள் புதைக்கும் எஃகுப் பெட்டி ஒன்றைப் போட்டோம். செலவு 4,000 டாலருக்கு மேல்.

பார்க்க நம் ஊர் வீட்டு வாசலில் தண்ணீருக்குத் தோண்டும் சம்ப் மாதிரிதான் இருக்கும். மூன்றடி அகலம், ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். இரண்டு பக்கமும் உட்காரப் பலகை. மூடி தரையோடு தரையாகத் தண்டவாளத்தில் நகரும், அதன் மேலேயே கார் நிறுத்தலாம். போடும் வேலை ஒரே நாளில் முடிந்தது. காலையில் வந்து கான்கிரீட்டை அறுத்தார்கள், சின்ன எக்ஸ்கவேட்டரை கராஜுக்குள்ளேயே ஓட்டிவந்து குழி வெட்டினார்கள், பெட்டியை இறக்கிச் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றிவிட்டுப் போனார்கள். கராஜில் இருக்கும் சாமான்களை முதல் நாளே வெளியே எடுத்துவிடுங்கள். செம்மண் தூசி அரிசி மூட்டை வரைக்கும் போயிருந்தது.

வாங்கும்போது ஒன்றில் கறாராக இருக்க வேண்டும். "ஃபெமா அப்ரூவ்ட்" என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். ஃபெமா என்ற அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பு எந்தக் கம்பெனியின் ஷெல்டருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை, எப்படி இருக்க வேண்டும் என்ற வழிகாட்டியை மட்டுமே வெளியிடுகிறது. நீங்கள் கேட்க வேண்டியது, புயல் ஷெல்டர்களுக்கான ஐசிசி 500 என்ற கட்டுமானத் தரப்படி சோதித்த அறிக்கை. மணிக்கு 250 மைல் காற்றுக்கான ஷெல்டர் என்றால், 15 பவுண்டு மரக்கட்டையைச் சுவரிலும் செங்குத்தாக நிற்கும் கதவிலும் 100 மைல் வேகத்தில் எறிந்து பார்ப்பார்கள், மேல்மூடியில் 67 மைல் வேகத்தில். லபக்கில் டெக்ஸஸ் டெக் பல்கலைக்கழகத்தில் இந்தச் சோதனை நடக்கிறது. பெட்டிக்கு மட்டும் அறிக்கை காட்டினால் போதாது, மூடியும் தாழ்ப்பாளும் சேர்ந்து சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். நான் கேட்டேன், மறுநாளே அனுப்பிவைத்தார்கள்.

"ஏழு பேர் உட்காரலாம்" என்பதும் கணக்குப்படி சரிதான். வீட்டு டொர்னேடோ ஷெல்டரில் தலைக்கு மூன்று சதுர அடி என்று அதே தரம் சொல்கிறது. ஆனால் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்தாலே முழங்காலோடு முழங்கால் முட்டுகிறது. அரைமணி நேரத்துக்கு அது ஒன்றும் பெரிய சிரமமில்லை.

எனக்கு இருக்கும் உண்மையான கவலை படிகள்தான். செங்குத்தான ஏணிப்படி; ஒவ்வொரு படியிலும் பாதி பாதம்தான் பதியும். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். நம்மவர்கள் பெற்றோரை அழைத்துவருவது பெரும்பாலும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில், டொர்னேடோ உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். சனிக்கிழமை நண்பகலில் சைரன் சோதனை ஊதும்போது அத்தையை இறக்கிப் பார்த்தோம். முட்டிவலி அவர்களுக்கு. மேல் படியில் நின்றுகொண்டு, "நான் இங்கேயே இருந்துக்கறேன், பிள்ளைங்களை முதல்ல இறக்கு" என்றார்கள். முதுகைக் காட்டித் திரும்பி, என் கணவர் கீழே நின்று பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்துத்தான் இறக்க முடிந்தது. 2013-இல் எச்சரிக்கை வந்தது மதியம் 2:40-க்கு, டொர்னேடோ தரையைத் தொட்டது 2:56-க்கு. எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் நடுவே இருக்கும் நேரத்தில் காரை நகர்த்தி, மூடியைத் தள்ளி, வயதானவரை இறக்கி, பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். அதனால் அந்தப் பருவம் முழுக்க எங்கள் காரை வெளியே டிரைவ்வேயில்தான் நிறுத்துகிறோம். வாட்ச் (டொர்னேடோ உருவாகலாம் என்ற முன்னறிவிப்பு) அறிவித்த உடனே, வார்னிங் (உருவாகிவிட்டது அல்லது உருவாகப்போகிறது என்ற எச்சரிக்கை) வரும்வரை காத்திராமல், மூடியைத் திறந்து வைத்துவிடுகிறோம்.

வீட்டில் முட்டிவலிக்காரர், கர்ப்பிணி, சக்கர நாற்காலி என்று யாராவது இருந்தால் தரைக்கு மேல் போல்ட் போட்டு நிறுத்தும் எஃகு அறையை வாங்குங்கள். "தரைக்கு மேலே இருந்தால் பறந்துவிடும்" என்ற பயம் இங்கே பலருக்கு இருக்கிறது. முறைப்படி செய்து பொருத்திய அறைகள் 2013-இல் இதே மூரில் சுற்றியிருந்த வீடு போனபிறகும் நின்றன. இன்று வாங்குவதாக இருந்தால் நானும் அதைத்தான் வாங்குவேன்.

மற்றபடி இந்தப் பெட்டி நல்ல பெட்டி. தண்டவாளத்தில் மண் சேர்ந்தால் மூடி இறுகும், பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும். இடிபாடு விழுந்து மூடி அடைத்துக்கொண்டால் உள்ளே இருந்தபடியே தள்ளித் திறக்க ஒரு ஜாக் கொடுத்திருக்கிறார்கள். அதை நீங்களே ஒருமுறை இயக்கிப் பாருங்கள். மூடியபிறகு போனில் சிக்னல் அநேகமாகப் போய்விடுகிறது, அதனால் பேட்டரியில் ஓடும் வெதர் ரேடியோவைக் கையோடு கொண்டு இறங்கி, மூடும் முன்பே கடைசி அறிவிப்பைக் கேட்டுக்கொள்கிறோம். உள்ளே எப்போதும் இருப்பவை: எல்லோருக்கும் ஹெல்மெட், தண்ணீர், டார்ச், விசில், அத்தையின் பிரஷர் மாத்திரை, பாஸ்போர்ட் நகல். அப்புறம் ஆளுக்கொரு ஜோடி ஷூ. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நமக்கு இதுதான் முக்கியம். வெளியே வரும்போது தரையெல்லாம் ஆணியும் கண்ணாடியுமாக இருக்கும். பெட்ரோல் கேன், பெயின்ட் டப்பா எதையும் கராஜில் வைக்காதீர்கள், ஆவி கீழேதான் இறங்கும்.

ஷெல்டர் இருக்கும் இடத்தை நகராட்சியில் பதிவுசெய்வதற்குக் கம்பெனியை நம்பி இருக்காமல் நீங்களே செய்யுங்கள். வீடு சரிந்தால் மீட்புக்காரர்கள் எங்கே தோண்டுவது என்று அந்தப் பட்டியலைப் பார்ப்பார்கள். ஆர்டரை டிசம்பர், ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள். மே மாதத்தில் ஒரு புயல் வந்துபோன மறுநாள் ஊரே போன் போடும், அப்போது தேதி கிடைப்பது கஷ்டம்.