சேற்றுப் பாதையில் இரண்டு குதிரைகள்: லாடம், ஆணி, வேகம், விலகல்

ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டிக்குச் சற்று அப்பால், எங்கள் லாயத்தில் இரண்டு குதிரைகள் நிற்கின்றன. ஒன்று, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனத்துப் பெட்டைக் குதிரை, செவலை நிறம். மற்றொன்று, ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையில் என் அண்ணன் பார்த்து வாங்கி வந்த மார்வாரிக் கலப்பு, நல்ல கறுப்பு. செவலையில் நானும் கறுப்பில் என் அண்ணன் மகளும் ஏறி, பெங்களூருப் பக்கம் நடக்கும் பயில்நிலை ஈவென்டிங் போட்டிகளுக்குச் சென்று வருகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் போட்டி அமைந்தால், மழையில் ஊறிய பாதையில் எந்தக் குதிரையை, எந்தக் காலணியோடு, எந்த வேகத்தில் விடுவது என்ற விவாதம் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வீட்டில் எழும். அந்த விவாதத்தில் இதுவரை தெளிந்தவற்றை இங்கே ஒப்பிட்டு வைக்கிறேன்.

ஈவென்டிங்கில் ஒரே குதிரையும் ஒரே வீரரும் மூன்று சோதனைகளைக் கடக்க வேண்டும்: ஒழுங்கான அசைவுகளைக் காட்டும் டிரஸ்ஸாஜ், திறந்த வெளியில் அசையாத் தடைகளைத் தாண்டும் கிராஸ் கன்ட்ரி, விழக்கூடிய கம்பிகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தனிநபர் தங்கமும், 2018 ஜகார்த்தாவில் பெங்களூருவின் ஃபவாத் மிர்ஸா தனிநபர் வெள்ளியும் வென்றது இந்தப் பிரிவில்தான். சேறு மூன்றையும் கெடுக்கும். டிரஸ்ஸாஜில் அது சில மதிப்பெண்களை எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடும். ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்பி விழுந்தால் 4 குற்றப்புள்ளி. கிராஸ் கன்ட்ரியில் மட்டும்தான் குதிரையின் காலும் மனிதரின் கழுத்தும் பணயமாகின்றன என்பதால், என் ஒப்பீடு பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

குதிரைகளை ஒப்பிடுவதற்கு முன்னால் சேறுகளை ஒப்பிட வேண்டும். எங்கள் அடிவாரத்துச் செம்மண்ணில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால், மேலே அரை அங்குலம் மட்டும் குழைந்து, அடியில் சரளை இறுகியபடியே இருக்கும். பார்வைக்கு இதுவே சாதுவான சேறு, கால் வழுக்குவதில் இதுவே முதலிடம். மூக்கனேரி போன்ற ஏரிகளின் கரையோரத்து வண்டல் களி வேறு வகை: குளம்பை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், லாடத்தைப் பிடுங்கும், ஒவ்வோர் எட்டுக்கும் தசைநாரிடமிருந்து கூலி வாங்கும். மூன்றாவது, ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்கு இடையிலான தடங்களில் சில்வர் ஓக் இலைகள் மக்கிக் கிடக்கும் ஈரம். அது மெத்தைபோல் தாங்கும், ஆனால் இலைக்கடியில் இருக்கும் கல்லையும் வேரையும் மறைத்துவிடும். நாள் முழுதும் மழை கொட்டிக்கொண்டே இருக்கும்போது சேறு தண்ணீராக இளகி, குளம்பைப் பிடிக்காமல் விட்டுவிடும். மழை நின்று வெயில் எட்டிப் பார்த்த பிறகு, பிசைந்த மாவுபோல் இறுகும் நேரமே மோசமானது. ஆகவே மழை விட்டுவிட்டது என்று பந்தலுக்கு அடியில் இருப்பவர்கள் மகிழும் வேளையில், பிற்பகலில் ஏறப்போகும் வீரர் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

இனி குதிரைகள். செவலைக்கு நீண்ட எட்டு, ஓட்டத்தில் ஆசை, முன்னால் சாய்ந்து ஓடும் பந்தயப் பழக்கம். தரோபிரெட்டுகள் பலவற்றுக்கு இருப்பதுபோல் தட்டையான குளம்பும் மெல்லிய அடியும் கொண்டவள். லாடம் இல்லாமல் சரளையில் நாலு எட்டு நடந்தாலே முகம் சுளிப்பாள். உலர்ந்த தரையில் அவளோடு கறுப்பன் போட்டியிட முடியாது. சேற்றிலோ அவளுடைய நீண்ட எட்டே அவளுக்குப் பகை: கால் எங்கே ஊன்றுகிறது என்று தெரிவதற்குள் உடல் அதைக் கடந்து போயிருக்கும். கறுப்பன் குட்டையானவன், எட்டும் குறுகியது, குளம்பு கிண்ணம்போல் குழிந்து கெட்டியானது. மார்வாரி ராஜஸ்தானின் வறண்ட நிலத்து இனம் என்பதால் சேற்றில் தடுமாறும் என்று சந்தையில் ஒருவர் எச்சரித்தார். அனுபவத்தில் நான் கண்டது வேறு. அவன் ஒவ்வோர் எட்டையும் சோதித்து வைக்கிறான், உடலைத் தன் கால்களுக்கு மேலேயே வைத்துக்கொள்கிறான், தடைக்கு முன் சுருங்கி எழுகிறான். ஈர நாளில் என் அண்ணன் மகளை எந்தக் குதிரையில் ஏற்றுவேன் என்று கேட்டால், தயங்காமல் கறுப்பனையே சொல்வேன்.

அடுத்தது, நாங்கள் அதிகம் வாதிட்ட விஷயம்: லாடத்தில் ஆணி பொருத்துவதா, வெறுங்குளம்போடு விடுவதா. ஈவென்டிங்கில் ஸ்டட் எனப்படும் இந்த ஆணி, லாடத்தில் முன்பே மரை போட்ட துளையில் போட்டி நேரத்தில் மட்டும் திருகிப் பொருத்தி, முடிந்தவுடன் கழற்றப்படுவது. மற்ற நாட்களில் துளைக்குள் எண்ணெய் தோய்த்த பஞ்சு இருக்கும். எங்களுக்கு லாடம் அடிக்கும் பெரியவரிடம் எந்த ஆணி நல்லது என்று கேட்டபோது, "கல்லுத் தரைக்கு ஊசி ஆணி, சேத்துக்குக் கட்டை ஆணி. மேல சேறு அடியில கல்லுன்னா அங்கதான் தம்பி கஷ்டம்" என்றார். நான் பல பக்கங்களில் எழுத நினைத்ததை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். ஆழமான ஈர மண்ணில் அகன்ற கட்டை ஆணி பிடிக்கும். இறுகிய தரையில் அதே ஆணி உள்ளே இறங்காமல், குளம்பைக் குதிகால் செருப்புப் போட்டதுபோல் தூக்கி நிறுத்தும். கூர் ஆணி இறுகிய தரையைக் குத்தும், களியில் பயன்படாது.

ஆணியின் பக்கம் உள்ள நியாயம் வலுவானது. ஈரமான திருப்பத்தில் பின்னங்கால் நழுவாமல் நின்றால்தான் குதிரை தடையை நம்பிக்கையோடு அணுகும். ஒரு முறை சறுக்கிய குதிரை அடுத்த மூன்று தடைகளுக்கும் சந்தேகத்தோடு வரும். எதிர்நியாயமும் உண்டு, அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓடும் குதிரையின் குளம்பு தரையைத் தொட்டவுடன் சிறிதளவு முன்னால் சறுக்கி நிற்பதே இயல்பு. அந்தச் சிறு சறுக்கலில்தான் ஊன்றலின் அதிர்ச்சி கரைகிறது. ஆணி அதைத் திடீரென்று நிறுத்துகிறது, கரையாத அதிர்ச்சி மேலே மூட்டுக்கும் தசைநாருக்கும் ஏறுகிறது. சென்ற ஆண்டு செவலைக்கு நான் தேவைக்குமேல் பெரிய ஆணி பொருத்தினேன். எந்தத் தடையையும் தாண்ட மறுக்காமல் பாதை முழுவதையும் முடித்தாள். மறுநாள் காலை அவளுடைய முன்னங்கால் பின்பக்கத்துத் தசைநாரில் சூடு இருந்தது. ஆறு வாரம் அவளை நடையில் மட்டும் வைத்திருந்தேன். அது முழுக்க என் பிழை. அன்று முதல், பிடிக்கப் போதுமான மிகச் சிறிய ஆணி எதுவோ அதையே தேர்கிறேன். பின்கால்களில் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு, முன்கால்களில் வெளிப்புறத்தில் மட்டும் ஒன்று. முன்காலின் உட்புறத்தில் ஆணி வைத்தால், தாண்டும்போது கால் மடங்குகையில் அது குதிரையின் உடம்பையே கிழிக்கக்கூடும்.

வெறுங்குளம்பின் பக்கம் பேசுவோர் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கைக் காட்டுவார்கள். ஷோ ஜம்பிங்கில் குழுத் தங்கம் வென்ற சுவீடன் அணியில், பீடர் ஃபிரெட்ரிக்சனின் குதிரையும் ஹென்றிக் வான் எக்கர்மனின் குதிரையும் லாடமின்றியே தாண்டின. உண்மை, ஆனால் அவை தாண்டியது பதப்படுத்திய மணல் களத்தில். வெறுங்குளம்பின் நன்மைகள் எனக்குத் தெரியும்: களி பிடுங்குவதற்கு லாடமே இருக்காது, குழிந்த அடி சேற்றைத் தானே உதறும், இயல்பான சறுக்கல் இருக்கும், குதிரை தரையை உணரும். ஆழமான, இளகிய சேற்றில் கறுப்பன் இவை அனைத்தையும் நிரூபித்தான். ஆனால் மேலே குழைந்து அடியில் இறுகிய செம்மண்ணில், குறிப்பாக ஈரப் புல்லின் மீது, வெறுங்குளம்புக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. சென்ற ஆண்டின் அதே போட்டியில், சரிவான ஒரு திருப்பத்தில் அவனுடைய பின்கால் இரண்டும் ஒருங்கே போயின. விழாமல் சமாளித்தான், அடுத்த தடையில் நின்றுவிட்டான். என் அண்ணன் மகள் அழுதது, அவன் நின்றதற்காக அல்ல, அவன் பயந்துவிட்டானே என்பதற்காக. பெங்களூரு வட்டாரத்து மண் பெரும்பாலும் எங்கள் அடிவாரத்துச் செம்மண்ணின் உறவுதான் என்பதால், அங்கே செல்லும் குதிரைக்குச் சிறு ஆணியோடு கூடிய லாடமே என் தேர்வு.

காலுறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணிக் கட்டு ஈரத்தை உறிஞ்சிக் கனத்து நழுவும். சேற்றுநாளில் அதைக் கட்டவே கூடாது. நீரை வடித்துவிடும் இலேசான பூட் நல்லது. பின்குளம்பு முன்குளம்பின் குதியை மிதிக்காமல் காக்கும் மணிவடிவ உறை, லாடம் பிடுங்கப்படுவதையும் குறைக்கும். கடிவாள வாரில் வெறும் தோல் வேண்டாம், ரப்பர் சுற்றிய வாரே ஈரத்தில் கையில் நிற்கும்.

வேகம் பற்றிய ஒப்பீட்டுக்குக் கணக்கு வேண்டும். பிரிட்டனின் தேசிய அமைப்பில் 90 செ.மீ. உயரப் பிரிவுக்குக் கிராஸ் கன்ட்ரி வேகம் நிமிடத்துக்கு 450 மீட்டர். சர்வதேச ஒரு நட்சத்திரப் பிரிவுக்கு 500 மீட்டர். 2,000 மீட்டர் பாதையை 450-இல் கடந்தால் 4 நிமிடம் 27 விநாடி ஆகும். சேற்றுக்காக வேகத்தை 400-ஆகக் குறைத்தால் சரியாக 5 நிமிடம். அதாவது 33 விநாடி தாமதம். ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 குற்றப்புள்ளி வீதம் 13.2. மாறாக, கடிகாரத்தைத் துரத்திப் போய் ஒரே ஒரு தடையில் குதிரை மறுத்தால் 20 குற்றப்புள்ளி; அதே தடையில் இரண்டாம் முறை மறுத்தால் மேலும் 40; வீரர் விழுந்தால் போட்டியே முடிந்தது. ஒரு மறுப்பின் விலை 50 விநாடித் தாமதத்துக்குச் சமம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பயில்நிலை வீரர் சேற்றில் நேரத்தை விட்டுக்கொடுப்பது கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. நேர்வழித் தடைக்கும் சுற்றுவழித் தடைக்கும் இடையே தேர்வு வரும்போதும் இதே கணக்குத்தான்: பத்து விநாடி சுற்றினால் போவது 4 புள்ளி. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். மெதுவாகப் போவது என்றால் தொய்ந்து போவது என்று பொருளல்ல. ஆழ மண்ணில் தரை உந்துதலைத் திருப்பித் தராது, ஆகவே எட்டு குறுகி, பின்கால்கள் உடலுக்கு அடியில் வந்து, விசை குறையாமல் தடைக்கு வர வேண்டும். முன்னால் சென்றவர்கள் மிதித்துக் குழைத்த இடத்தைத் தவிர்த்து, தடையின் இருபுறமும் நட்ட கொடிகளுக்கு நடுவே இருந்துகொண்டே ஒரு மீட்டர் விலகி எழுவதும் நல்லது.

மூன்றாவது வழி, போட்டியிலிருந்தே விலகுவது. இருநூறு கிலோமீட்டர் வண்டியில் குதிரையை ஏற்றிச் சென்று, நுழைவுக் கட்டணம் செலுத்தி, இரவெல்லாம் கொட்டும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காலையில் பெயரை எடுத்துவிடுவது எளிதன்று. ஆனால் 2023 ஆகஸ்டில் பிரான்சின் நார்மண்டியில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பிலேயே மழை ஊறிய தரைக்காகக் கிராஸ் கன்ட்ரிப் பாதையைச் சுருக்கினார்கள். உலகின் தலைசிறந்த குதிரைகளுக்கே அது தேவைப்பட்டது என்றால், எங்கள் செவலைக்காக நான் விலகுவதில் வெட்கம் எங்கிருந்து வரும்? டிரஸ்ஸாஜை முடித்துவிட்டுக் கிராஸ் கன்ட்ரிக்கு மட்டும் செல்லாமல் இருப்பதும் ஒரு வழிதான்; பயணம் முற்றிலும் வீணாவதில்லை.

போட்டிக்குப் பிறகு காலைக் கழுவுவதா, காயவிட்டுத் துலக்குவதா என்பதிலும் இரு கட்சிகள் உண்டு. ஊறிய தோலில் டெர்மட்டோஃபிலஸ் என்ற நுண்ணுயிர் புகுந்து, குதிக்குழியில் பொருக்கும் வெடிப்பும் உண்டாக்கும். லாயத்தில் அன்றாடச் சேற்றைக் காயவிட்டுத் துலக்குவதே மேல். போட்டி நாளில் சிறு வெட்டுகள் சேற்றுக்குள் மறைந்திருக்கும் என்பதால் கழுவித்தான் பார்க்க வேண்டும். கழுவினால் துண்டால் ஒற்றி முற்றாக உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இரவு முழுதும் நின்றாலும் ரோமம் காயாது என்பதால், அந்த நாட்களில் குதிரைகளை மேலே கொண்டுபோவதையே நிறுத்திவிட்டோம்.

இந்த ஐப்பசிக்கு முடிவு செய்தாயிற்று. கறுப்பனுக்கு நான்கு காலுக்கும் துளையிட்ட லாடம். புதிய கனத்துக்கு அவன் பழக நாள் இருக்க வேண்டும் என்பதால் புரட்டாசி முதல் வாரத்திலேயே பெரியவர் வருகிறார். செவலையின் பெயரும் பட்டியலில் இருக்கும். முந்தைய நாள் மாலை குடையோடு பாதையை நடந்து பார்ப்பேன். தடைகளுக்கு முன்னால் குடையின் நுனி நான்கு விரற்கடைக்கு மேல் இறங்கி, இழுக்கும்போது உறிஞ்சும் ஓசையோடு வந்தால், அவள் டிரஸ்ஸாஜோடு வண்டிக்குத் திரும்பிவிடுவாள். கறுப்பனும் என் அண்ணன் மகளும் மட்டும், ஐந்து நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டு, தொடங்கும் கூண்டுக்குச் செல்வார்கள்.