லியோனா, ஸ்ட்ராஸ்பர்க்கா? பாரிஸ் முடித்த பிறகு கையில் இருக்கும் இரண்டு நாளுக்கு

பாரிஸில் இருக்கும் நம் ஆட்களிடம் ஊரிலிருந்து வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஐஃபில் கோபுரம் ஆச்சு, லூவ்ர் ஆச்சு, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, வேறு எந்த ஊருக்குப் போகலாம்? நீஸ், மார்செய் என்று ஆரம்பிப்பார்கள். ரயில் நேரத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிடும். கடைசியில் மிஞ்சுவது இரண்டு ஊர்: தென்கிழக்கே லியோன், கிழக்கே ஜெர்மனி எல்லையில் ஸ்ட்ராஸ்பர்க். தெஜேவே என்ற அதிவேக ரயிலில் லியோனுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்தான். அந்த ரயில் கிளம்பும் கார் து லெஸ்ட் நிலையம் லா ஷப்பல் தமிழ்க் கடைகளிலிருந்து நடக்கும் தூரம் என்பதால், வழிக்கு இட்லிப் பொட்டலம் கட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு.

"இரண்டுமே அருமையான ஊர்" என்று சொல்லி நழுவப் போவதில்லை. கூட வருகிறவர்களின் முழங்கால் எப்படி, அவர்கள் தட்டில் எதெல்லாம் ஏறும், எதெல்லாம் ஏறாது என்ற இரண்டையும் வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் ஸ்ட்ராஸ்பர்க். ரயிலை விட்டு இறங்கிக் கால் மணி, இருபது நிமிடம் சமதரையில் நடந்தால் ஊரின் மையத்துக்கு வந்துவிடலாம். இல் ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவே இருக்கும் தீவுதான் பழைய நகரம். 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வழி கேட்கவே வேண்டாம், பெரிய தேவாலயத்தின் கோபுரம் கூட்டிக்கொண்டு போய்விடும். வோஜ் மலையின் இளஞ்சிவப்பு மணற்கல்லில் கட்டிய கோயில் அது. 142 மீட்டர் உயரக் கோபுரம் 1439இல் முடிந்தது. 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். இன்னொரு பக்கத்துக் கோபுரத்தைக் கட்டவே இல்லை. அந்த ஒற்றைக் கோபுரத்தால்தான் இதற்கு இவ்வளவு அழகு என்று எனக்குத் தோன்றும். முந்நூற்றுச் சொச்சம் படி ஏறத் தயார் என்றால் 66 மீட்டர் உயரத்தில் மேடை இருக்கிறது. அங்கிருந்து ஊரின் கூரைகள் முழுவதும் தெரியும்.

படி ஏற முடியாதவர்களுக்கும் உள்ளே ஒரு விருந்து உண்டு. இப்போது ஓடும் வானியல் கடிகாரத்தின் இயந்திரம் 1843இல் செய்து முடித்தது. கால் மணிக்கு ஒரு முறை குழந்தை, இளைஞன், நடுவயதுக்காரன், கிழவன் என்று மாறி மாறி ஒரு பொம்மை மரணத்தின் முன்னால் கடந்து போகும். பகல் பன்னிரண்டரைக்குத்தான் பெரிய ஆட்டம். பன்னிரண்டு சீடர்களும் வரிசையாக வந்து இயேசுவை வணங்கிப் போவார்கள், மேலே இருக்கும் சேவல் சிறகடித்து மூன்று முறை கூவும். அது ஏன் பன்னிரண்டரை என்றால், கடிகாரம் காட்டுவது அந்த ஊரின் சூரிய நேரத்தை. நம் கைக்கடிகாரத்தைவிட அது அரை மணி பின்தங்கி இருக்கும், அதன் கணக்கில் அப்போதுதான் உச்சிப் பொழுது. இதற்குத் தனியாக டிக்கெட் உண்டு, முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். பன்னிரண்டு இருபதுக்கு ஓடி வருகிறவர்கள் பெரும்பாலும் கதவைத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் பெத்தித் ஃபிரான்ஸ். தோல் பதனிடுகிறவர்கள் வாழ்ந்த பேட்டை. மரச்சட்டம் போட்ட வீடுகள், கால்வாய், பாலம், ஜன்னல் நிறையப் பூந்தொட்டி. செங்குத்தான கூரைகளில் திறப்பு விட்டிருப்பது ஈரத் தோலை மாடியில் காயப்போட. எந்தப் பக்கம் செல்போனைத் திருப்பினாலும் படம் வரும், அதனால் கூட்டமும் வரும். கொஞ்சம் தள்ளி வோபான் அணையின் மேல்தளத்துக்கு இலவசமாக ஏறலாம், மூடுபாலங்களின் கோபுரங்களும் தேவாலயமும் ஒரே பார்வையில் கிடைக்கும். படகுச் சவாரி, ரோஹான் அரண்மனை, ஐரோப்பிய நாடாளுமன்றக் கட்டடம் எல்லாம் நேரம் இருந்தால். ஜெர்மனியையும் தொட்டுவிட்டு வர ஆசை என்றால் டி என்ற தடத்து டிராமில் ஏறி ரைன் ஆற்றைத் தாண்டிக் கேல் ஊரில் இறங்கலாம். பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்.

ஆக, ஒரு முழு நாளில் ஸ்ட்ராஸ்பர்க்கின் சாரம் கிடைத்துவிடும். இரண்டாம் நாள் காலாற நடப்பதற்குத்தான்.

லியோன் அப்படி இல்லை. நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுவது அலுவலகக் கட்டடங்களும் பெரிய வணிக வளாகமும். "இதற்கா வந்தோம்" என்று கூட வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். கிமு 43இல் ரோமானியர்கள் லுக்டுனும் என்ற பெயரில் நிறுவிய ஊர் இது. ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள், ஃபூர்வியேர், க்ருவா ரூஸ் என்று இரண்டு குன்றுகள். பார்க்க வேண்டியதில் பாதி மேட்டில் இருக்கிறது.

ஃபூர்வியேர் குன்றுக்குப் பழைய நகரத்திலிருந்து கயிற்று ரயில் உண்டு, மெட்ரோ டிக்கெட்டே போதும். மேலே இருக்கும் வெள்ளை பசிலிக்கா, 1870 போரில் பிரஷ்யப் படை ஊருக்குள் வராமல் இருந்தால் கட்டுவதாக மாதாவுக்கு வேண்டிக்கொண்டு, 1872இல் தொடங்கிய வேலை. நாலு மூலையிலும் கோபுரம் நிற்பதைப் பார்த்து, மல்லாந்து கிடக்கும் யானை என்று உள்ளூர்க்காரர்களே கேலி செய்வார்கள். உள்ளே தங்க நிற மொசைக் சுவர் முழுக்க அப்பியிருக்கும், எனக்கு அது கொஞ்சம் திகட்டும். ஸ்ட்ராஸ்பர்க் கோயிலுக்கு முன்னால் இது நிற்காது. ஆனால் பின்பக்க மேடையிலிருந்து தெரியும் ஊரும், வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் தெரியும் ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் சிகரமும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். சில நிமிடம் இறங்கினால் சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழைய ரோமானிய அரங்கம், ஒரு காலத்தில் பத்தாயிரம் பேர் உட்கார்ந்த இடம். கோடையில் இன்றும் அங்கே கச்சேரி நடக்கிறது. சாதாரண நாளில் காசு இல்லாமல் போய் உட்காரலாம்.

லியோனின் நிஜமான பொக்கிஷம் கீழே, பழைய நகரத்தில். சேன் ஜான் தெரு 54ஆம் எண் கதவைப் பாருங்கள். சாதாரண வீட்டுக் கதவு. தள்ளினால் திறக்கும். உள்ளே மங்கலான, தாழ்ந்த நடை, சுவரில் குடியிருப்பவர்களின் தபால் பெட்டிகள், ஒரு முற்றம், மறுபடி நடை, இன்னொரு முற்றம். தலையைத் தூக்கினால் சதுரமாகக் கொஞ்சம் வானம். நடந்துகொண்டே போனால் அடுத்த தெருவில், ப்யோஃப் தெரு 27ஆம் எண் கதவு வழியாக வெளியே வருவீர்கள். ஒரு தெருவில் நுழைந்து இன்னொரு தெருவில் வெளியேறும் இந்தச் சந்துகளுக்கு ட்ராபூல் என்று பெயர். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை, சத்தம் போடாமல் போக வேண்டும். கதவெல்லாம் எல்லா நேரமும் திறக்காது, காலையில் போவது நல்லது.

க்ருவா ரூஸ் பக்கம் போனால் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு சொந்த சமாசாரம் இருக்கிறது. காஞ்சிபுரத்துத் தறியின் மேல் உட்கார்ந்து புடவையில் பூவேலையை விழவைக்கும் ஜக்கார்டு பெட்டி பிறந்தது லியோனில், 1804இல், ஜோசப் மரி ஜக்கார்டின் கையில். அந்த உயரமான தறி வீட்டுக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் குன்றின் வீடுகளில் கூரையை நாலு மீட்டர் உயரத்துக்கு வைத்துக் கட்டினார்கள். ஜன்னல்களும் அதற்கேற்ற நீளம், வெளிச்சம் வேண்டுமே. இங்கே பட்டு நெய்தவர்களுக்குக் கானு என்று பெயர். கூலிக்காக 1831இலும் 1834இலும் தெருவில் இறங்கி, ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டை வாங்கியவர்கள். மெசோன் தே கானு என்ற நெசவாளர் அருங்காட்சியகத்தில் இன்றும் தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். பட்டுப்புடவை தெரிந்த அம்மாக்களை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம்.

பார்ப்பதற்கு என்று மட்டும் கேட்டால், முதல் முறை போகிறவர்களுக்கு ஸ்ட்ராஸ்பர்க் ஒரு படி மேல். மெனக்கெடாமலே எல்லாம் கிடைக்கிறது. இனி சாப்பாடு. இங்கேதான் கணக்கு மாறும்.

லியோனில் பூஷோன் என்று சின்னச் சின்ன உணவகங்கள். கட்டம் போட்ட மேஜைவிரிப்பு, இடித்துக்கொண்டு உட்காரும் நாற்காலி, 46 சென்டிலிட்டர் பிடிக்கும் அடி கனத்த குப்பியில் ஒயின். விடியற்காலையில் தறியில் உட்கார்ந்த நெசவாளர்கள் காலை ஒன்பது மணிக்கே இறைச்சியும் ஒயினுமாகச் சாப்பிட்ட மரபிலிருந்து வந்த சமையல் இது. அதனால் மலிவான பாகங்கள்தான் இங்கே ராஜா. மாட்டு இரைப்பையை வெள்ளை ஒயினில் ஊறவைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால் தாப்லியே த சாப்பர். பன்றிக்குடலுக்குள் குடலையே அடைத்தால் அந்தூயெத், தட்டு வருவதற்கு முன் வாசனை வந்துவிடும். குடல் குழம்பில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. பிடிக்காதவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

ஆனால் கெனெல் யாருக்கும் பிடிக்கும். ப்ரோஷே என்ற ஆற்று மீனை மசிய அரைத்து, மாவு, வெண்ணெய், முட்டை சேர்த்து நீள உருண்டையாகப் பிடித்து வேகவைத்து, நன்னீர் இறால் வகையில் செய்த நான்துவா சாஸில் மூழ்கடித்து அடுப்பில் வைப்பார்கள். மேஜைக்கு வரும்போது இரண்டு மடங்கு உப்பி, மேல்பக்கம் பொன்னிறமாக, ஓரத்தில் சாஸ் கொதித்துக்கொண்டிருக்கும். முள் இல்லை. கரண்டி வைத்ததும் உள்ளே நுரை மாதிரி அமுங்கும். உடனே சாப்பிட வேண்டும், ஆறினால் தொய்ந்துவிடும். செர்வெல் த கானு என்று பட்டியலில் பார்த்து மூளை என்று பயப்பட வேண்டாம். அது பூண்டு, வெங்காயம், பச்சை இலைகள் நறுக்கிப் போட்ட தயிர்ப்பாலாடை, கிட்டத்தட்ட நம் வெங்காயப் பச்சடியின் கெட்டி அண்ணன். கடைசியில் ரோஜா நிறத்தில் சர்க்கரை பூசிய பாதாமை உருக்கிச் செய்த ப்ராலின் தார்த். ஒரு துண்டை இருவர் பகிர்ந்தால் போதும்.

இந்த ஊரின் சமையலைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்கள். பணக்கார வீடுகளில் சமைத்துவிட்டுப் பிறகு சொந்தக் கடை போட்ட இவர்களை "மேர்", அதாவது அம்மா என்று அழைத்தார்கள். அவர்களில் யூஜெனி ப்ராசியே 1933இல் இரண்டு உணவகங்களுக்கும் சேர்த்து ஆறு மிஷ்லன் நட்சத்திரம் வாங்கினார். அவரிடம் வேலை கற்றவர்தான் பிறகு பிரான்ஸின் பேர்பெற்ற சமையற்காரரான போல் பொக்கூஸ். ரயில் நிலையம் இருக்கும் பார் தியூ பகுதியின் பெரிய உணவுச் சந்தைக்கு இப்போது பொக்கூஸின் பெயர். பூஷோனில் இடம் கிடைக்காவிட்டால் அங்கே போய்ச் சாப்பிடலாம், என்ன, விலைதான் கொஞ்சம் முறைக்கும்.

ஸ்ட்ராஸ்பர்க்கின் அல்சாஸ் சமையல் வேறு ரகம். 1871 முதல் 1918 வரை ஜெர்மனியிடம் இருந்த மண், அதற்கு முன்னும் ஜெர்மன் பேச்சு புழங்கிய மண். தட்டிலும் அது தெரியும். உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோஸை ஒயினில் வேகவைத்து, மேலே தொத்திறைச்சி, உப்புக்கண்டம், உருளைக்கிழங்கு என்று மலைபோல் குவித்தால் ஷுக்ரூத். பேக்கஓஃப என்பது மாடு, ஆடு, பன்றி என மூன்று இறைச்சியையும் உருளைக்கிழங்கோடு ஒயினில் ஊறவைத்து, மண்சட்டியின் வாயை மாவால் ஒட்டி மணிக்கணக்கில் வேகவைப்பது. திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள் என்பதால் பெண்கள் சட்டியை ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்துவிட்டுப் போவார்களாம். நல்ல சாப்பாடுதான், ஆனால் இரண்டாம் வேளை மறுபடி அதே உப்பும் பன்றியும் என்றால் அலுத்துவிடும்.

தார்த் ஃப்ளாம்பே மட்டும் எனக்கு அலுக்காது. விறகடுப்பின் சூட்டைச் சோதிக்க ரொட்டி மாவைத் தாள் போல் தேய்த்து உள்ளே விட்டதில் பிறந்தது. மேலே க்ரீம், வெங்காயம், பன்றிக்கொழுப்புத் துண்டுகள். ஓரம் கருகி வரவேண்டும். காளானும் பாலாடைக்கட்டியும் போட்டு, பன்றி இல்லாமல் கேட்டாலும் செய்து தருவார்கள். சைவக்காரர்கள் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிழைத்துக்கொள்வது இதனால்தான். பன்றி வேண்டாம், மீன் சரி என்பவர்களுக்கு மீன் போட்ட ஷுக்ரூத்தும் உண்டு. லியோன் பூஷோனில் சைவக்காரருக்குச் செர்வெல் த கானுவும் உருளைக்கிழங்கும் மிஞ்சும், கடைக்காரர் முகத்தில் பரிதாபமும் தெரியும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. அப்பா அம்மா, சின்னப் பிள்ளைகள், சைவம் சாப்பிடுகிறவர்கள் கூட வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்ட்ராஸ்பர்க். எதையும் ஒரு வாய் ருசி பார்க்கும் கூட்டம், மேடு ஏறத் தயங்காத கால் என்றால் லியோன். எனக்கு மட்டும் என்று கேட்டால் கெனெலுக்காகவும் அந்தக் கதவுகளுக்காகவும் லியோன்தான், யோசிக்கவே மாட்டேன்.

டிசம்பரில் கணக்கு வேறு. 1570 முதல் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தைக்காக ஸ்ட்ராஸ்பர்க்கும், டிசம்பர் 8ஐ ஒட்டி வரும் விளக்குத் திருவிழாவுக்காக லியோனும் நிரம்பி வழியும். அறை கிடைத்த ஊருக்குப் போங்கள். மற்ற மாதங்களில் கிழமையைப் பாருங்கள். லியோனில் ஞாயிற்றுக்கிழமை பல பூஷோன்கள் மூடியிருக்கும், ஆகஸ்டில் சிலது வாரக்கணக்கில். மதியம் இரண்டு மணிக்கு மேல் அடுப்பையும் அணைத்துவிடுவார்கள். வெள்ளி, சனியாகப் போட்டு, பன்னிரண்டரைக்கு மேஜையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மதிய மெனு இரவு மெனுவைவிட மலிவு.